வேலியில்லாப் பூங்காக்கள்

நுழையும்முன்

பெருநகரங்களில் உள்ளவை போன்ற பெரிய பூங்காக்கள் கடலூர் மாவட்டத்தில் மிகுதியாக இல்லை. ஆயினும், விடுமுறை நாளில் குடும்பங்கள் சென்றுசேரும் ஆற்றங்கரைகளும் மணற்பரப்பும் கழிமுகக் காடும் அங்கு உண்டு. அவை எவ்வாறு உருவாயின, எதனால் மெலிந்தன, எவ்வாறு மீட்கப்பட்டன என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

காவும் பொழிலும்

'பூங்கா' என்னும் சொல்லுக்குள் இரண்டு பழஞ்சொற்கள் அடங்கியுள்ளன. 'கா' என்பது மரம் செறிந்த சோலை. பூ அதற்கு அடையாக வந்தது. பொழில், தண்டலை, சோலை, நந்தவனம் எனத் தமிழில் இதற்குப் பெயர்கள் பல. பூக்கொய்வதற்காக மணிமேகலை சென்ற உவவனம் புகார் நகரைச் சார்ந்த ஒரு பொழில். கோவலனும் மாதவியும் இந்திரவிழாவின் நிறைவில் கடலாடச் சென்ற நிகழ்ச்சியைச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை விரிக்கிறது. அந்தப் புகார், கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே உள்ளது. கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரம் வட்டம் தொடங்குகிறது. ஊர் முழுவதும் வீட்டைவிட்டு வெளியேறி நீர்க்கரையில் ஒருநாளைக் கழிப்பது இக்கடற்கரைக்குப் புதிய பழக்கம் அன்று.

இன்று நகராட்சிகள் அமைக்கும் பூங்காவின் வரலாறு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழில்நகரங்கள் புகையாலும் நெரிசலாலும் திணறியபோது, உழைக்கும் மக்கள் மூச்சு விடுவதற்கு ஒரு திறந்தவெளி வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட் நகரில் பொதுப்பணத்தில் அமைந்த பூங்கா 1847ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1859ஆம் ஆண்டு சென்னைக்கு ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், அதே நோக்கில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்னும் மக்கள் பூங்காவை உருவாக்கினார். அப்பூங்காவின் பெரும்பகுதியைப் பின்னர்க் கட்டடங்களும் விளையாட்டரங்கும் எடுத்துக்கொண்டன. மதில் எழுப்பி, மரம் நட்டு, அரசாணை பிறப்பித்து உருவாக்கிய பூங்காவே இவ்வாறு கரையுமானால், மதிலும் ஆணையும் இல்லாத வெளிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சிற்றூர்களில் பூங்கா என்று பெயர்பெற்ற இடம் இல்லை. ஏரிக்கரை, ஆற்றுமணல், கோயில்குளம், களத்துமேடு ஆகியனவே அவ்வேலையைச் செய்தன. அவற்றுக்குக் கட்டணம் இல்லை. திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இல்லை. அவற்றின் காலக்கணக்கை வகுத்தது நாட்காட்டி அன்று, நீர்.

நீர்க்கரை விழாக்கள்

சோழமண்டலத்தின் வடவெல்லையில் உள்ள வீராணம் ஏரி, முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. வீரநாராயணன் என்னும் அவனது பெயரே ஏரிக்கு வழங்கிற்று. மக்கள் நாவில் அது வீராணம் ஆயிற்று. கல்கி 1950ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' இந்த ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குவது தற்செயலாக அமைந்தது எனக் கொள்ள இயலாது. புதுப்புனல் வந்த மகிழ்ச்சியில் கட்டுச்சோற்றுடன் கரைக்கு வரும் குடும்பங்களைக் காட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. இன்று அந்த ஏரியின் நீர் 2004ஆம் ஆண்டு முதல் குழாய் வழியாகச் சென்னைக்கும் செல்கிறது. ஆகவே, ஏரியில் நீர் நிற்பதும் வற்றுவதும் கரையோர ஊர்களின் கவலையாக மட்டும் இப்போது இல்லை.

கடலூரில் தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணையாற்றில் ஆற்றுத்திருவிழா நிகழ்கிறது. சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து உற்சவ மூர்த்திகள் ஆற்றுக்கு எழுந்தருளுகின்றன. பொங்கலின் தொடர்ச்சியாக வரும் அந்நாளில் மணற்பரப்பே ஊராகிவிடும். கிழங்கும் கரும்பும் குவித்த கடைகள், இராட்டினங்கள், வளையல் கடைகள், மணலில் துணி விரித்து அமர்ந்த குடும்பங்கள் என ஆறு முழுதும் நிரம்பும். இறைவழிபாடு, உறவினர் சந்திப்பு, சந்தை, குழந்தைகளின் விளையாட்டு ஆகிய நான்கும் அங்குத் தனித்தனியே இல்லை. வேளாண் குடும்பங்களுக்கு ஓய்வு என்பது வாரந்தோறும் வருவது அன்று; அறுவடைக்குப் பின்னர் வருவது. அந்த ஓய்வை ஆற்றுமணல் ஏற்றுக்கொண்டது. மணல் அள்ளப்பட்டு ஆறு பள்ளமும் மேடுமாகிய இடங்களிலோ, ஆற்றில் இறங்குவதற்கே குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மணலைக் கட்டுமானப் பொருளாக மட்டும் கணக்கிட்டவர்கள், அது ஊரின் முற்றமாகவும் இருந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மாசிமக நாளில் இதே காட்சி கடற்கரைக்கு நகர்கிறது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அங்குள்ள தர்காவைச் சேர்ந்த இசுலாமியர் அவ்வூர்வலத்தை வரவேற்றுச் சிறப்புச் செய்வதும், கோயில் சார்பில் அவர்களுக்கு மரியாதை செய்யப்படுவதும் நெடுங்கால வழக்கம். கடற்கரை எவர் ஒருவருக்கும் உரியதாக இல்லாமையால் அனைவருக்கும் உரியதாயிற்று என்பதற்குக் கிள்ளை ஒரு சான்று.

குண்டு அளந்த நிலம்

கடலூர் நகரின் கிழக்கே தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரை அமைந்துள்ளது. மாலை வேளையில் நகரத்து மக்கள் காற்று வாங்குவதும், காணும் பொங்கல் அன்று சுற்றுவட்டாரச் சிற்றூர்கள் அனைத்தும் திரள்வதும் இங்குத்தான். சுண்டலும் மாங்காய்க் கீற்றும் விற்போர், பட்டம் விடும் சிறுவர், அலையில் கால் நனைக்கும் முதியோர் என அது தமிழ்நாட்டுக் கடற்கரைகளுள் ஒன்றாகவே தோன்றும். ஆனால், கடலும் கெடிலத்தின் கழிமுகமும் அருகருகே அமைந்த இந்த இடத்துக்கு மற்றொரு வரலாறு உண்டு.

1690ஆம் ஆண்டு, செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையுடன் சுற்றியுள்ள நிலமும் சேரும் என்பது உடன்பாடு. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு சென்று விழும் தொலைவு வரை. கம்பெனியார் சென்னையிலிருந்து பெரிய பீரங்கியை வரவழைத்து நாற்புறமும் சுட்டனர். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரிலும் கடலூரின் குண்டு சாலையிலும் அந்த அளவை இன்றும் தங்கியுள்ளது. அக்கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபின், தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமாக இக்கோட்டையே சில ஆண்டுகள் விளங்கியது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைத் தகர்த்தார். இடிபாடுகளே எஞ்சின.

ஒரு பேரரசின் வாயிலாக இருந்த இடம், உப்புக்காற்றில் பட்டம் பறக்கும் இடமாக மாறியதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால், அங்குக் கூடுவோருக்கு அவ்விடத்தின் கதையைக் கூறும் வாய்ப்புகள் குறைவு என்பது ஓர் இழப்பே. கரை அரிப்பு மணலைத் தின்பதும், ஆழம் அறியாது குளிக்க இறங்குவோர் நீரோட்டத்தில் சிக்குவதும் வெள்ளிக் கடற்கரையின் அன்றாடக் கவலைகள்.

தில்லை எங்கே?

சிதம்பரத்துக்குத் தில்லை என்பது பழம்பெயர். தில்லை மரங்கள் அடர்ந்த வனமாக அவ்விடம் இருந்தது என்பது மரபு. நடராசர் கோயிலின் தலமரமும் தில்லையே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் தில்லைப்பூவும் ஒன்று. ஆனால், நகரின் நான்கு வீதிகளிலும் தேடினாலும் தில்லை வனத்தைக் காண இயலாது. அம்மரத்தைக் காடாகக் காண விரும்புவோர் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்று பிச்சாவரத்தை அடைய வேண்டும்.

வடக்கே வெள்ளாற்றின் கழிமுகத்துக்கும் தெற்கே கொள்ளிடத்தின் கழிமுகத்துக்கும் இடையே பரவிய சதுப்புநிலமே பிச்சாவரம். வாய்க்கால்களும் கால்வாய்களும் பின்னிப்பிணைந்து அந்நிலத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளாகப் பிரிக்கின்றன. நீர் பெரும்பாலும் ஆழமற்றது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமிலிருந்து துடுப்புப் படகுகளும் விசைப்படகுகளும் புறப்படுகின்றன. அகன்ற நீர்ப்பரப்பில் விசைப்படகு செல்லும். மரங்கள் இருபுறமும் வளைந்து கூரையிட்ட குறுகிய வாய்க்காலுக்குள் துடுப்புப் படகே செல்ல இயலும். எம்.ஜி.ஆர். நடித்து 1975இல் வெளியான 'இதயக்கனி' திரைப்படத்தின் காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டன. அவர் பெயரால் ஒரு திட்டே வழங்குகிறது.

படகில் செல்வோர் காணும் காடு முழுக்காடு அன்று. வாய்க்காலின் ஓரத்தில் சில மீட்டர் அகலத்துக்கு மட்டும் சுரபுன்னை மரங்கள் நிற்கின்றன. தண்டிலிருந்து கிளைத்து, வில்லாக வளைந்து, சேற்றில் ஊன்றும் அவற்றின் முட்டுவேர்களே படகுப் பயணிகளின் ஒளிப்படங்களில் நிறைந்திருப்பவை. அந்த ஓரத்துக்குப் பின்னால், பயணிகளின் கண்ணுக்கு எட்டாத பெரும்பரப்பை வெண்கண்டல் மரங்கள் நிறைத்துள்ளன. பிச்சாவரத்தின் பெரும்பான்மை மரம் அதுவே. காட்டின் நலிவும் மீட்பும் நிகழ்ந்த இடமும் அந்த மறைந்த பரப்பே.

உப்பில் வாழும் கலை

நாளுக்கு இருமுறை கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் நிலத்துத் தாவரம் வேரூன்றினால் இரண்டு இடர்கள் நேரும். ஒன்று, உப்பு, மற்றொன்று, மூச்சுத்திணறல். சேற்றில் ஆக்சிசன் இல்லை, வேர் அழுகிவிடும். அலையாத்தி மரங்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு வழிகளில் வென்றுள்ளன. சுரபுன்னை, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டித் தடுக்கிறது. வெண்கண்டல், உப்பை உள்ளே ஏற்று, இலைகளில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. அதன் இலையைத் தொட்டு நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். மூச்சுக்காக வெண்கண்டல் தன் கிடைவேரிலிருந்து பென்சில் போன்ற மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நூற்றுக்கணக்கில் நீட்டுகிறது. சுரபுன்னையின் முட்டுவேர்கள், தாங்கு தூணாகவும் மூச்சுக்குழலாகவும் ஒருங்கே தொழிற்படுகின்றன.

இனப்பெருக்கமும் வியப்புக்குரியது. ஓடும் நீரில் விழும் விதை முளைக்கும் முன்னரே அடித்துச் செல்லப்படும். எனவே, சுரபுன்னையின் விதை மரத்தில் தொங்கும் கனிக்குள் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்குகிறது. முதிர்ந்தபின் அந்நாற்று கீழே விழுகிறது. நீர் இறங்கியிருந்தால் சேற்றில் குத்தி நின்றுவிடும்; நீர் ஏறியிருந்தால் மிதந்து சென்று வேறொரு கரையில் ஒதுங்கி வேர்விடும். ஈன்று வளர்க்கும் தாய்மையைத் தாவரங்களிடையே காண விரும்புவோருக்கு இது நல்ல காட்சி.

தில்லையோ இவற்றினின்று வேறுபட்டது. அதற்கு ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. கிளையை ஒடித்தால் வெண்பால் வடியும். அப்பால் தோலில் பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். உதிரும் முன் இலைகள் செந்நிறம் பெறுவதால் பச்சைக் காட்டினிடையே தில்லையைத் தனியே இனம்காணலாம். படகிலிருந்து கைநீட்டிக் கிளைகளைப் பறிக்கும் பழக்கம் உடையோர், தலமரத்தைக் கண்ணால் கண்டு நிறுத்திக்கொள்வதே நலம்.

மரங்களின் நிழலில் நீர் அமைதியாக இருப்பதால் இறாலும் மீனும் இளம்பருவத்தை இங்குக் கழிக்கின்றன. உதிர்ந்த இலை மட்கி நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவற்றை உண்டு இறால் குஞ்சுகள் வளர்கின்றன. வளர்ந்தவை கடலுக்குச் செல்கின்றன. மடவையும் கொடுவாவும் நண்டும் கழியைச் சார்ந்தவை. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறுநண்டுகள் சேற்றில் கையசைப்பதையும், சேற்றின்மீது தத்திச்செல்லும் மீன்களையும் குழந்தைகள் படகிலிருந்தே காணலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றங்கரையில் பரங்கிப்பேட்டையில் அமைந்துள்ளமையால், இக்காடு உலகின் நன்கு ஆராயப்பட்ட அலையாத்திக் காடுகளுள் ஒன்றாயிற்று. இங்குக் கண்டறியப்பட்ட ஒரு கலப்பினச் சுரபுன்னைக்கு 'ரைசோபோரா அண்ணாமலயானா' என்று 1995இல் பெயரிடப்பட்டது.

வெட்டியதும் மீட்டதும்

பயணிகள் காணும் பசுமை, அழிந்து மீண்டது. ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970கள் வரை இக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை அடியோடு வெட்டி விற்கும் முறை நடைமுறையில் இருந்தது. வெட்டிய இடத்தில் காடு தானே முளைக்கும் என்பது திட்டம் வகுத்தோரின் கணிப்பு. மலைக்காட்டில் பொருந்தக்கூடிய அக்கணிப்பு, சேற்றில் பொய்த்தது.

காரணம் எளியது. மரநிழல் நீங்கியதும் வெயில் சேற்றின்மீது நேரே விழுந்தது. சேற்றில் இருந்த நீர் ஆவியாகி, மண் சுருங்கி, நிலம் தாழ்ந்து தட்டுப்போல் ஆயிற்று. கடல்நீர் ஏறும்போது அத்தட்டில் நீர் புகுந்தது. இறங்கும்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் வற்ற, உப்பு மட்டும் தங்கியது. ஒவ்வோர் ஏற்றமும் மேலும் உப்பைச் சேர்க்க, அலையாத்தி மரங்களாலும் தாங்க இயலாத உப்புத்தரையாக அந்நிலம் மாறியது. காட்டின் நடுவே வெறுந்தரைகள் தோன்றின. ஆடுமாடு மேய்ந்ததாலும் விறகு வெட்டியதாலும்தான் காடு அழிந்தது என்னும் பழி கரையோர மக்கள்மீது நெடுங்காலம் இருந்தது. அதில் ஓரளவு உண்மை உண்டு எனினும், நீரின் போக்கு கெட்டதே பெருங்காரணம் என்பதை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு தெளிவாக்கியது.

நோய் தெரிந்ததும் மருந்து கடினமாக இல்லை. 1990களில் அந்நிறுவனமும் வனத்துறையும் கரையோரச் சிற்றூர் மக்களும் இணைந்து வெறுந்தரைகளில் கால்வாய் வெட்டினர். இயற்கை வாய்க்காலிலிருந்து ஒரு முதன்மைக் கால்வாய். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போன்ற அமைப்பு. நாளுக்கு இருமுறை நீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு கரைந்து வெளியேறியது. கால்வாயின் சரிவுகளில் நட்ட வெண்கண்டல் நாற்றுகள் தழைத்தன. மரம் நடுவதைவிட நீருக்கு வழிவிடுவதே முதன்மையான பணி என்பதை இம்முறை காட்டியது. நாட்டின் பிற கடலோரங்களிலும் பின்னர் இது பின்பற்றப்பட்டது. கால்வாய் வெட்டியவர்களும், அவை தூர்ந்துபோகாமல் காத்தவர்களும் அருகில் வாழ்ந்த மக்களே.

2022ஆம் ஆண்டு பிச்சாவரம் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அதற்குமுன் நெடுங்காலம் அப்பட்டியலில் இருந்தது 2002இல் சேர்க்கப்பட்ட கோடியக்கரை மட்டுமே.

ஆழிப்பேரலையும் ஒரு விவாதமும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலையால் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேவனாம்பட்டினம் கடும் பாதிப்புக்கு உள்ளாகிய ஊர்களுள் ஒன்று. பிச்சாவரப் பகுதியிலும் கடலை நோக்கிய மணல்திட்டில் இருந்த குடியிருப்புகள் சிதைந்தன. ஆனால், காட்டுக்குப் பின்னால் அமைந்த சிற்றூர்கள் பெருஞ்சேதமின்றித் தப்பின.

அடுத்த ஆண்டே இதுபற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. பரங்கிப்பேட்டையின் பேராசிரியர் கதிரேசனும் இராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஒப்பிட்டு, அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று எழுதினர். 'சயின்ஸ்' ஆய்விதழில் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து, மரங்கள் நின்ற இடங்களில் சேதம் குறைவு என்று காட்டியது. 2006இல் வேறு சில அறிஞர்கள் இதற்கு மறுப்பு எழுதினர். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலிலிருந்து தொலைவிலும், சற்று உயரமான நிலத்திலும் இருந்தன. உயிர்களைக் காத்தது தொலைவும் உயரமுமாக இருக்கலாம். மரத்துக்கு மட்டும் அப்பெருமையை அளித்தால், காட்டை நம்பி மக்கள் கடலோரத்தில் குடியேறி ஆபத்துக்கு உள்ளாவர் என்பது அவர்களது வாதம்.

இரு தரப்பிலும் பொருள் உண்டு. அடர்ந்த வேர்களும் தண்டுகளும் ஓடும் நீரின் விசையை உறிஞ்சுகின்றன என்பதில் ஐயமில்லை. புயலலைகளின்போது இது பலமுறை காணப்பட்டது. எத்தகைய பேரலையையும் காடு தடுத்துவிடும் என்று கூறுவது மிகை. காடு நின்ற இடத்தில் வீடுகள் கட்டப்படவில்லை என்பதும் ஒருவகைப் பாதுகாப்பே. தொலைவை உண்டாக்கியதும் அந்தக் காடுதான்.

படகும் பறியும்

கழியில் செல்வோர் சுற்றுலாப் பயணிகள் மட்டும் அல்லர். இருளர் பழங்குடியினர் இடுப்பளவு நீரில் நின்று, வலையின்றி, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கின்றனர். பனையோலையால் முடைந்த பறியைப் பற்களால் கவ்விக்கொண்டு, பிடித்த இறாலை அதில் இடுகின்றனர். நீரின் அசைவைக் கொண்டு இறால் இருக்குமிடத்தை அறியும் அக்கலைக்குக் கலங்காத நீர் வேண்டும். விசைப்படகு கிளப்பும் அலை சேற்றுக்கரையை அரிக்கிறது, நீரைக் கலக்குகிறது. பயணிகள் வீசியெறியும் நெகிழிப்பைகள் மூச்சுவேர்களில் சிக்கி நிற்கின்றன. ஒரு குடும்பத்தின் ஒருமணிநேர மகிழ்ச்சியும் மற்றொரு குடும்பத்தின் அன்றைய கூலியும் ஒரே வாய்க்காலில் சந்திக்கும் இடம் அது. துடுப்புப் படகுகளை மிகுதியாக்குவதும், குறுகிய வாய்க்கால்களில் விசைப்படகுகளுக்கு இடமளிக்காமையும் இருவருக்கும் பொருந்தும் வழி. துடுப்பு வலிப்போரும் சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்தவர்களே ஆதலால் வருவாயும் ஊருக்குள்ளேயே தங்கும்.

படகுக் கட்டணம் மற்றொரு கேள்வியை எழுப்புகிறது. ஆற்றுத்திருவிழாவில் மணலில் அமர எவரும் கட்டணம் செலுத்தியதில்லை. படகுப் பயணத்துக்கோ வயல்வேலை செய்யும் ஐவர் குடும்பம் ஒருநாள் கூலியை எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைவிலுள்ள நகரங்களிலிருந்து வருவோர் காணும் சுரபுன்னைக் குகையைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக் குழந்தைகள் காணாமல் வளர்வது முறையன்று. கரையிலிருந்து காட்டை நோக்குவதற்கான இடங்களும், பள்ளி மாணவர்க்கான கட்டணச் சலுகையும் பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடுகள் அல்ல.

காட்டுக்கு வேண்டிய நன்னீர், காட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது. கொள்ளிடத்தின் கீழணையில் தேக்கிய நீர் பாசனத்துக்கும், வடவாறு வழியாக வீராணத்துக்கும் பிரிக்கப்படுகிறது. எஞ்சியதே கழிமுகத்தை அடைகிறது. வெள்ளக்காலம் தவிர்த்த மாதங்களில் அது மிகக் குறைவு. நன்னீர் குறைந்தால் கழியின் உப்பு கூடுகிறது. உப்பைத் தாங்கவல்ல வெண்கண்டல் பெருகுகிறது. நன்னீரை விரும்பும் மரங்கள் அருகுகின்றன. வடகிழக்குப் பருவமழையின்போது ஆறுகள் பெருகி வண்டல் கலந்த செந்நீர் கழியில் புகும். அந்நாட்களில் படகுகள் நிறுத்தப்படும். வந்தவர்கள் ஏமாற்றத்துடன் திரும்புவர். மரங்களுக்கோ அதுவே விருந்து.

மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் வலசைப் பறவைகள் கழியில் இறங்குகின்றன. காலை ஒளியில் துடுப்புப் படகுகள் ஒவ்வொன்றாகப் புறப்படும். நீர் மிகவும் இறங்கியிருந்தால் குறுகிய வாய்க்கால்களில் படகு சேற்றில் தட்டும். அப்போது துடுப்புக்காரர் அகன்ற கால்வாயிலேயே படகை நிறுத்தி, கடல்நீர் மீண்டும் ஏறும்வரை காத்திருப்பார்.